வெள்ளையா, நீளமா, மதில் ஓரமா ஓடுது: ஃபெரெட்டா, கீரியா?

பிப்ரவரி 6, 2025, காலை 8.10 (கேள்வி)

அடையாறு பக்கம் இருக்கோம். எங்க அபார்ட்மெண்ட் பின்னாடி ஒரு காலி மனை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும், அதைத் தாண்டினா கால்வாய். இன்னிக்கு காலைல ஆறே முக்காலுக்கு வாக்கிங் போறப்ப மதில் ஓரமா ஒண்ணு ஓடுச்சு. உடம்பு நீளம், கால் குட்டை, மூஞ்சி கூர், கலர் கிட்டத்தட்ட க்ரீம். போன்ல எடுத்தது மங்கல். ஆப்ல போட்டா ஒரு தடவ ஃபெரெட்ங்குது, அதாவது வீட்ல வளக்கற நீள உடம்பு குட்டி மிருகம், ஒரு தடவ வீசல்ங்குது, அது அதோட காட்டு சொந்தம். யாரோ வளத்தது தப்பிச்சு வந்துடுச்சு, கூண்டு வெச்சுப் பிடிக்கலாம்னு அசோசியேஷன் வாட்ஸ்அப்ல பேச்சு ஓடுது. இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?

பிப்ரவரி 6, காலை 9.25

கூண்டு பேச்சை முதல்ல நிறுத்துங்க சார். இந்தப் போட்டோல ஒரு வெளிர் கோடு செடிக்குள்ள நுழையுது, அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. ஃபெரெட்டா இருந்தா அது வீட்டுப் பிராணி, நம்ம ஊர் வெயில்ல வெளிய தாங்காது, சீக்கிரம் பிடிச்சாகணும். கீரியா இருந்தா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்ற உயிர், பிடிக்கறதே குத்தம், அதுவும் பொந்துக்குள்ள குட்டி வெச்சிருந்தா தாயைக் கூண்டுல அடைச்ச அன்னிக்கே குட்டிங்களும் போச்சு. ஒண்ணுக்கு பிடிக்கணும், இன்னொண்ணுக்கு கிட்டயே போகக்கூடாது, அதனாலதான் பேரைக் கண்டுபிடிக்க இவ்வளவு அவசரப்படறேன்.

ரெண்டே விஷயம் யோசிச்சு சொல்லுங்க. வால் எவ்வளவு நீளம்? ஓடறப்ப முதுகு வளைஞ்சு குதிச்சு குதிச்சுப் போச்சா, இல்ல தரையோட ஒட்டி நேரா போச்சா? கலரை இப்போதைக்கு விட்டுடுங்க. அப்புறம் தெரு பேர் போட்டிருந்தீங்க, அதை எடுத்துடுங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

பிப்ரவரி 6, காலை 11.40

வீசல் கிடையாது, அதை உறுதியா அடிச்சுடலாம். இந்தியாவுல வீசல் உண்டு, ஆனா எல்லாம் இமயமலை, வடகிழக்கு. ஸ்டோட்னு ஒண்ணு காஷ்மீர், லடாக் பக்கம், பனிக்காலத்துல உடம்பு முழுக்க வெள்ளையாகி வால் நுனி மட்டும் கருப்பா நிக்கும், நெட்ல "வெள்ளை வீசல்"னு தேடினா வர்றது முக்கால்வாசி அதுதான். தென்னிந்தியால அந்தக் குடும்பத்துல, அதாவது மஸ்டெலிட் வகையில, இயற்கையா இருக்கறது அஞ்சுதான். மூணு நீர்நாய்: காவிரில கூட்டமா திரியற பெருசு, மலை ஓடைல நண்டு தேடற சின்னது, அப்புறம் யூரேசிய நீர்நாய். நாலாவது நீலகிரி மார்ட்டென். அஞ்சாவது தேன் வளைக்கரடி. பெரிய நீர்நாய் 7ல இருந்து 11 கிலோ வரும், அது உங்க மதில் ஓரமா போயிருந்தா நாய் போகுதுன்னு சொல்லியிருப்பீங்க. தேன் வளைக்கரடிக்கு மேல்பக்கம் வெளிர் சாம்பல், கீழ்பக்கம் கருப்பு, ரெண்டு கலருக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி பிரியும், நடையே தெனாவெட்டா இருக்கும், அதுவும் இல்ல.

மிச்சம் இருக்கறது யாரோ வளத்த ஃபெரெட், இல்லன்னா இந்தக் குடும்பத்துக்கே சம்பந்தமில்லாத நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேர், கீரியும் மரநாயும். கீரியைப் பாத்தா வீசல் ஜாதின்னு எல்லாரும் நினைக்கறாங்க, ஆனா அது பூனை, கழுதைப்புலி பக்கத்து சொந்தம். வீசல், நீர்நாய் எல்லாம் நாய், கரடி பக்கத்து சொந்தம். ரெண்டுக்கும் பொந்துக்குள்ள நுழைஞ்சு இரை பிடிக்கற பொழப்பு, அதனால உடம்பு ஒரே அச்சுல வந்து நிக்குது.

பிப்ரவரி 6, இரவு 10.05

மடிப்பாக்கம் தம்பி எழுதியிருக்காப்ல, கண்ணு கருப்பா இருந்துச்சாம், அதனால அல்பினோ இல்ல, அதனால ஃபெரெட் இல்லன்னு. பாதி சரி. அல்பினோன்னா மெலனினே உடம்புல உருவாகாது, கண்ணும் சிவப்பா பிங்க்கா தெரியும், அந்த மட்டும் கரெக்ட். ஆனா ஃபெரெட்ல வெள்ளை உடம்பும் கருப்பு கண்ணுமா ஒரு வளர்ப்பு ரகமே இருக்கு, கடைக்காரங்க அதைத் தனி ரகமாவே விப்பாங்க. அதனால கருப்பு கண்ணை வெச்சு ஃபெரெட்டைத் தள்ளிட முடியாது. கீரியையும் தள்ள முடியாது. கண் பாப்பாவோட வடிவமும் இதுக்கு உதவாது, கீரிக்கும் ஃபெரெட்டுக்கும் அது படுக்கை வாட்டத்துல நீளமாத்தான் இருக்கும்.

பிப்ரவரி 7, காலை 7.30

கலரைப் பத்தி நேத்து ஒரே வரில விட்டுடுங்கன்னு சொல்லிட்டுப் போனேன், அது போதாதுன்னு ராத்திரி படுத்தப்ப தோணுச்சு, ஏன் விடணும்னு சொல்லணும் இல்ல.

நான் நங்கநல்லூர் பக்கம் வளந்தவன், அப்பல்லாம் ரெண்டு வீட்டுக்கு ஒரு காலி மனை, எல்லாத்துலயும் கீரி. சாம்பல் கீரியோட முடி ஒவ்வொண்ணுலயும் வெளிர் வளையம், கருப்பு வளையம்னு மாறி மாறி வரும், அதனாலதான் தூரத்துல இருந்து பாத்தா உப்பும் மிளகும் கலந்த நிறமா தெரியுது. அந்த முடி மேல காலை வெயில் சாய்வா விழுந்தா வெள்ளி ஜரிகை தெரியும், அதே கீரி மத்தியானம் நிழல்ல பழுப்பு, மழைல நனைஞ்சா கிட்டத்தட்ட கருப்பு. கொட்டிக் கிடக்கற சிமெண்ட்ல புரண்டு வந்ததையும் பாத்திருக்கேன், ரெண்டு நாளைக்கு தெருவே வெள்ளைக் கீரின்னு சொல்லிட்டு இருந்துச்சு. செம்மண் லோடு இறக்கின இடத்துல இருந்து வந்தா செங்கீரி.

அதுக்கு மேல போன் கேமரா பண்ற வேலை. பின்னாடி இருட்டா புதர் இருந்தா போன் அந்தப் புதரைத் தெளிவா காட்டத்தான் பாக்கும், வெளிச்சத்தைத் தூக்கும், முன்னாடி நிக்கற சாம்பல் மிருகம் வெந்து வெள்ளையாயிடும். உங்க போட்டோல அதேதான் நடந்திருக்கு பாருங்க, மதில்ல அடிச்சிருக்கற மஞ்சள் பெயிண்ட்கூட வெள்ளையா தெரியுது. தெரு விளக்கு வெளிச்சத்துல எடுத்தா இன்னும் மோசம், பழைய மஞ்சள் சோடியம் விளக்குக்கு கீழ பெருச்சாளிகூட தங்க நிறமா தெரியும்.

இதெல்லாம் கழிச்சும் வெளிர்ப்பு மிச்சம் இருந்தா அப்பதான் பிறவியிலயே நிறம் கம்மியான்னு யோசிக்கணும். அதுலயும் பல வகை இருக்கு. மெலனின் மொத்தமா இல்லாதது அல்பினிசம். நிறம் உண்டாக்கற செல்லு தோலுக்கு வந்து சேராம கண்ணு மட்டும் இயல்பா இருக்கறது லூசிசம். கருப்பு மெலனின் மட்டும் கொறைஞ்சு, சிவப்பு மஞ்சள் மெலனின் இருக்கற மாதிரியே இருக்கறது இன்னொண்ணு, அப்ப மிருகம் வெள்ளையா வராது, க்ரீம் இல்ல வெளிர் மஞ்சளா வரும். நீங்க க்ரீம்னு சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு உறுத்திட்டே இருக்கு. நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ வேணும்.

பிப்ரவரி 7, காலை 9.00

நீலகிரி மார்ட்டென் இல்ல. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் சொந்தம், உலகத்துல வேற எங்கயும் கிடையாது. உடம்பு அடர் பழுப்பு, கழுத்தும் மாரும் பளிச்சுன்னு மஞ்சள் ஆரஞ்சு. அது அடையாறுக்கு வரணும்னா யாராவது பெட்டில போட்டுத்தான் கொண்டு வரணும்.

பிப்ரவரி 7, பகல் 1.15

பெரம்பூர் அக்கா கேட்டிருக்காங்க, மெட்ராஸ்ல ஃபெரெட் எல்லாம் யாரு வளக்கறாங்கன்னு. வளக்கறாங்க அக்கா. அண்ணா நகர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்லயே பாத்திருக்கேன். நாள்ல பெரும்பாலும் தூங்கும், ஒரு நாளைக்கு 14, 16 மணி நேரம்கூட. முழிச்சா சோபா அடி, ஷூ உள்ள, எங்கயெல்லாம் ஓட்டை இருக்கோ அங்கயெல்லாம் புகும். ஒரு மாதிரி கஸ்தூரி வாடை ரூம் பூரா இருக்கும். அந்த ரூம்ல பகல் பூரா ஏசி ஓடும், அவர் ஆடம்பரத்துக்கு ஓடவிடல, ஃபெரெட்டுக்கு வேர்வை வழியா சூட்டை இறக்கற வசதி சரியா கிடையாது, 30 டிகிரி தாண்டினாலே தவிக்க ஆரம்பிச்சுடும். ஐரோப்பால போல்கேட்னு ஒரு காட்டு மிருகம், அதுல இருந்து மனுஷன் ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல வளத்து வளத்து உருவாக்கினது, முயல் வேட்டைக்கு பொந்துக்குள்ள விடறதுக்காக. குளிர் நாட்டு உடம்பு.

அது ஓடறப்ப பாத்தா மறக்கவே மாட்டீங்க, கம்பளிப்பூச்சி மாதிரி முதுகைத் தூக்கித் தூக்கி வளைச்சுப் போகும். வால் குட்டை, உடம்புல மூணுல ஒரு பங்குதான், சுமார் 13 சென்டிமீட்டர். கீரிக்கு வால் கிட்டத்தட்ட உடம்பு அளவுக்கே வரும், அடில தடிமனா ஆரம்பிச்சு நுனில ஒல்லியாகும், ஓடறப்ப தலையில இருந்து வால் நுனி வரைக்கும் ஒரே கோடா தரையோட இழையும். அதனாலதான் நேத்து காலைல முதல் கேள்வியா வாலைக் கேட்டேன். சார் இன்னும் பதில் போடல.

பிப்ரவரி 7, மாலை 6.50

சார் பதில் போட்டுட்டாரு, வாலைச் சரியா கவனிக்கலையாம், "நீளம்தான்னு நினைக்கறேன்"னு சொல்றாரு. நினைக்கறேன் போதாது. வாட்ச்மேன் ரெண்டு மூணு தடவ பாத்திருக்காராம், அவரு அதுக்கு "வெள்ளைக்கார கீரி"ன்னே பேர் வெச்சுட்டாராம், பேர் ரொம்ப நல்லா இருக்கு, அவர்கிட்டயே வாலைக் கேளுங்க. அந்த மனைல என்னென்ன வரும் போகும்னு தினம் அங்கயே உக்காந்திருக்கற மனுஷனுக்குத் தெரியற அளவுக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆப்புக்கும் தெரியாது.

அளக்கறதுக்கு ஒரு வழி சொல்றேன். மதில் ஹாலோ பிளாக் மதில்னு போட்டோல தெரியுது, பின்பக்கம் பூசல. ஒரு பிளாக் நீளம் நடுவுல இருக்கற கலவையும் சேத்து 16 இன்ச், அதாவது 40 சென்டிமீட்டர் கிட்ட. டேப் வெச்சு உங்க மதில்ல ஒரு தடவ சரி பாத்துக்கோங்க. மிருகம் அந்த மதிலை ஒட்டிப் போறப்ப பக்கவாட்டுல வீடியோ எடுங்க, ஜூம் வேணாம், நின்ன இடத்துல இருந்தே எடுங்க, அப்புறம் எத்தனை பிளாக் நீளம்னு எண்ணிக்கலாம். ஃபெரெட்டா இருந்தா மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் ஒண்ணேகால், ஒண்ணரை பிளாக் தாண்டாது. கீரின்னா ரெண்டு பிளாக் வரும்.

இன்னொண்ணு, வழக்கமா அது போற தடத்துல ராத்திரி கோலமாவு தூவி வையுங்க, அரிசி மாவு வேணாம் எறும்பு வந்துடும், கல்லு மாவு. காலடி கிடைச்சா பக்கத்துல ஒரு அஞ்சு ரூபா காசை வெச்சு போட்டோ.

பிப்ரவரி 8, காலை 10.20

மரநாயா இருக்குமான்னு மறுபடி மறுபடி வருது. பழைய ஓட்டு வீடு, மாமரம், கேபிள் ஒயர், இதெல்லாம் இருக்கற எந்த ஏரியாலயும் மரநாய் இருக்கும், மயிலாப்பூர்ல ராத்திரி மாடில படுத்திருந்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஆனா அது ராத்திரி ஜீவன், காலைல ஆறே முக்காலுக்கு நல்லா விடிஞ்ச பிறகு தரையில சாவகாசமா சுத்தாது. காதும் பெருசு, மேல தூக்கி நிக்கும். கீரிக்கு காது சின்னது, வட்டமா தலையோட பக்கவாட்டுல ஒட்டி இருக்கும். பகல் வெளிச்சத்துல நடமாடறதே கீரி பக்கம் தராசைக் கொஞ்சம் சாய்க்குது. கொஞ்சம்தான். தப்பிச்ச வளர்ப்புப் பிராணி நேரம் காலம் பாக்காது.

பிப்ரவரி 8, இரவு 9.40

கோலமாவு வேலைக்கு ஆகல. தெருப்பூனை ஊர்வலமே போயிருக்கு.

பிப்ரவரி 9, காலை 8.00

இது கேள்விக்கு நேர் சம்பந்தம் இல்ல, ஆனா வேளச்சேரி தம்பி ஒருத்தர் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப கொள்ளிடத்துல எடுத்த வீடியோ போட்டு, "நாலு நீர்நாய்ல ஒண்ணு மட்டும் மணல் கலர், இதுவும் நிறம் மாறின பிறவியா"ன்னு கேட்டிருக்காரு. அருமையான வீடியோ, பல தடவ போட்டுப் பாத்தேன். தம்பி, அது காய்ஞ்சிருக்கு. மத்த மூணும் இப்பதான் தண்ணில இருந்து ஏறினது, உடம்பு நனைஞ்சு கருப்பா மின்னுது. அந்த நாலாவது முன்னாடியே கரைக்கு வந்து மணல்ல புரண்டு முடிச்சிருக்கு, முடி உலந்து அதோட நிஜ நிறம் வெளிய வந்திருக்கு. அந்த இனத்துக்கு முடி ரொம்பக் குட்டை, வழவழன்னு படிஞ்சு இருக்கும், உலந்தா வெளிர் பழுப்பு, கழுத்து அடில க்ரீம். முக்கொம்பு பக்கம் ஒரு விடிகாலை நானே ஒரே நீர்நாய் அரை மணி நேரத்துல கருப்புல இருந்து மணல் நிறத்துக்கு வந்ததை உக்காந்து பாத்திருக்கேன். சிந்து பக்கத்துல இருக்கற கிளையினம் இன்னும் வெளிர், அங்க அதுதான் சாதாரண நிறம்.

வால் பாருங்க அந்த வீடியோல, நுனி பக்கம் தட்டையா இருக்கும், நீச்சலுக்கு. கால் விரலுக்கு நடுவுல சவ்வு. சங்கப் பாட்டுல நீர்நாய் வர்ற இடத்துல பெரும்பாலும் வாளை மீனும் கூடவே வரும், ஒரு பாட்டுல அதுக்கு வரி போட்ட முதுகுன்னுகூட வருது. நனைஞ்ச முடி உலர ஆரம்பிக்கறப்ப கத்தை கத்தையா பிரிஞ்சு முதுகுல கோடு கோடா நிக்கும், அந்தக் கோலத்துல பாத்த யாரோ எழுதினதுன்னுதான் எனக்குத் தோணும், நான் பாத்ததும் அப்படித்தான் இருந்துச்சு. அந்த இடம் எதுன்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க தம்பி. மீன் வலைய கிழிக்குதுன்னு அதுக்கு ஏற்கனவே பகை இருக்கு, தோலுக்கும் குட்டிக்கும் சந்தை இருக்கு. 2019ல சர்வதேச வியாபாரத்தை முழுசா தடை பண்ற பட்டியலுக்கு அதைத் தூக்கினதே அதுக்காகத்தான்.

பிப்ரவரி 10, காலை 8.35

வீடியோ வந்துடுச்சு! சார் மொட்டை மாடில இருந்து எடுத்திருக்காரு, மதில் முழுசா தெரியுது, வெயில் பக்கவாட்டுல, இதுக்கு மேல என்ன வேணும். நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். மூக்கு ஒரு பிளாக்கோட விளிம்புல இருக்கறப்ப வால் நுனி ரெண்டாவது பிளாக்கோட கடைசிக்கு கொஞ்சம் முன்னாடி முடியுது. வால் மட்டும் முக்கால் பிளாக்குக்கு மேல. டேப்ல அளந்து பிளாக் 40 சென்டிமீட்டர்னு சாரே சொல்லிட்டாரு, அப்ப வால் 30க்கு குறையாது. ஃபெரெட்டுக்கு அந்த வால் கிடையவே கிடையாது. நடையும் பாருங்க, முதுகு எங்கயும் வளையல, வயிறு தரையைத் தொடற மாதிரி ஒரே மட்டத்துல போகுது. நடுவுல நின்னு பின்னங்கால்ல எழுந்து ஒரு தடவ சுத்திப் பாக்குது. ஃபெரெட்டும் எழுந்து நிக்கும்தான், அதனால அதை நான் கணக்குல சேக்கல, வால் ஒண்ணே போதும்.

கீரி. நம்ம சாம்பல் கீரி. கூண்டை எடுக்கச் சொல்லுங்க, இன்னிக்கே.

பிப்ரவரி 10, மாலை 5.10

கூண்டு இன்னும் எடுக்கலையாம், "எதுக்கும் இருக்கட்டும், ஃபெரெட்டா இருந்தா பாவம்"னு செகரெட்டரி சொல்றாராம். அவரு நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு, கோவப்படாதீங்க. இந்த இழையை அவருக்கு அனுப்புங்க, கூடவே இதையும் சொல்லுங்க: கூண்டுல மாட்டின கீரி கம்பியைக் கடிச்சு கடிச்சு பல்லை உடைச்சுக்கும், வெயில் ஏறினா உள்ளயே செத்துடும். நிஜமாவே சந்தேகம் தீரலைன்னா வனத்துறைக்கு போன் பண்ணி வீடியோவைக் காட்டட்டும், பிடிக்கறதா வேணாமான்னு அவங்க சொல்லட்டும், அபார்ட்மெண்ட் முடிவு பண்ற விஷயம் இல்ல இது.

பிப்ரவரி 11, காலை 7.45

எடுத்துட்டாங்க. நிம்மதி.

ஆனா இப்ப வேற ஒண்ணு கிளம்பியிருக்கு. மூணாவது மாடி மாமி, இது தருமரோட யாகத்துக்கு வந்த கீரி வம்சம், பாதி உடம்பு தங்கமானது, பாத்தாலே அதிர்ஷ்டம்னு சொல்லி மதில் ஓரமா பால் வைக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். அந்தக் கதை எனக்கும் ரொம்பப் பிடிச்ச கதை. பட்டினி கிடந்த ஏழை வீட்ல விருந்தாளிக்குக் குடுத்த மாவு ஒட்டி பாதி உடம்பு பொன்னாச்சு, மீதிப் பாதிக்கு அது ஊர் ஊரா யாகம் தேடிப் போச்சு, ராஜா யாகத்துல புரண்டும் ஆகல. கேட்டு வளந்ததுதான். ஆனா பால் வேணாம் மாமி. பால் வெச்சா பூனை வரும், பூனையைத் துரத்திட்டு நாய் வரும், நாலு நாயும் ஒரு கீரியும்னா கீரிதான் போகும். எலி, பல்லி, வெட்டுக்கிளி, முட்டை, பழம்னு அதுக்கு அந்த மனைல வேண்டியது இருக்கு.

அதிர்ஷ்டக் கீரின்னு பேர் வெளிய போனா இன்னும் ஆபத்து. தெரு பேரை எடுங்கன்னு முதல் நாளே கேட்டதுக்கு காரணம் இதுதான். கீரி முடில பெயிண்டிங் பிரஷ் பண்றாங்க, பல பேருக்குத் தெரியாது. முடியைக் கத்தரிச்சுட்டு விட்டுட மாட்டாங்க, அடிச்சுக் கொன்னுதான் எடுப்பாங்க. 2019ல ஆபரேஷன் கிளீன் ஆர்ட்னு வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலத்துல கடை கடையா சோதனை போட்டதே இந்த பிரஷுக்காகத்தான். உங்க வீட்ல பசங்க டிராயிங் கிளாஸ் போறாங்கன்னா நைலான் பிரஷ் வாங்குங்க. இயற்கை முடின்னு போட்டு, நுனி கருப்பு, நடுவுல க்ரீம், அடில மறுபடி கருப்புன்னு பட்டை பட்டையா இருந்தா அதைத் தொடாதீங்க, அது கீரி முடியா இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு.

பிப்ரவரி 13, இரவு 8.20

சார் நேத்து எடுத்த புது போட்டோ மூணும் பாத்தேன், மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். மூணாவதுல ரெண்டு கீரி, ஒண்ணு நம்ம வெளிர், பக்கத்துல ஒண்ணு வழக்கமான சாம்பல். ஒரே வெயில், ஒரே போட்டோ, அதனால கேமரா பண்ண வேலைன்னு இனி சொல்ல முடியாது. வடிவம் ரெண்டுக்கும் அச்சு அசல். முடியை நல்லா பெருசாக்கிப் பாத்தேன். சாம்பல் கீரியோட முடில கருப்பு வளையம் இருக்கற இடத்துல இதுக்கு வெளிர் காவி வளையம் இருக்கு. வளையமே இல்லாம வெறும் வெள்ளையா இல்ல. கண்ணு அடர் நிறம், மூக்கு மட்டும் பிங்க் கலந்த பழுப்பு. அப்ப அல்பினோ நிச்சயமா இல்ல, லூசிசமும் சரியா பொருந்தல, கருப்பு மெலனின் கொறைஞ்ச வகைன்னு சொல்லத்தான் என் மனசு சொல்லுது. ஆறு நாள் முன்னாடி க்ரீம்ங்கற வார்த்தை உறுத்துதுன்னு எழுதினேன் இல்ல, அந்த க்ரீம் இதுல இருந்துதான் வந்திருக்கு. மரபணு பரிசோதனை இல்லாம இதுக்கு மேல போக வேணாம்.

ஜோடியா, தாயும் பிள்ளையுமான்னு கேக்கறீங்க, உருவம் ரெண்டும் ஒரே அளவு, போட்டோ வெச்சு சொல்ல முடியாது. குட்டி போட்டா, குட்டிங்க சாதாரண நிறத்துல வர வாய்ப்பு அதிகம், இந்த மாதிரி நிறக்குறைவு பெரும்பாலும் அப்பா அம்மா ரெண்டு பக்கமும் மறைஞ்சு இருந்தாத்தான் வெளிய தெரியும். வளந்து பெருசாகி இன்னொண்ணோட சேந்து திரியற அளவுக்கு இது பொழைச்சிருக்கு, அதுவே பெரிய விஷயம், வெளிர் உடம்பு பருந்து கண்ணுக்கு சீக்கிரம் படும்.

ஐநேச்சுரலிஸ்ட்ல, அதான் பாத்த உயிரினங்களைப் போட்டோவோட பதிவு பண்ற தளத்துல, ஏத்துங்க சார், கண்டிப்பா ஏத்துங்க, ஆனா இடத்தை மறைச்சு காட்டற ஆப்ஷனைப் போட்டுட்டு ஏத்துங்க. ஆப்ஸ்க்யூர்டுன்னு இருக்கும். படிக்கறவங்களுக்கு சென்னைன்னு தெரிஞ்சா போதும்.

பிப்ரவரி 14, காலை 9.15

ஒண்ணு கேக்க மறந்துட்டேன், எலி கேக் வைக்கறீங்களா? நீல கலர், பச்சை கலர்ல கட்டி கட்டியா கடைல விக்கறது. அதுல பெரும்பாலும் ப்ரோமடியோலோன், ரத்தத்தை உறைய விடாம பண்ற விஷம். சாப்பிட்ட எலி உடனே சாகாது, நாலஞ்சு நாள் தள்ளாடிட்டு வெளிச்சத்துல சுத்தும், அப்படி சுத்தற எலிதான் கீரிக்கு சுலபமா மாட்டும். எலி வயித்துல இருக்கற விஷம் கீரிக்குள்ள போகும். ஆந்தைக்கும் அதே கதிதான். கீரி இருக்கற இடத்துல எலி கேக் வைக்கறது, உங்களுக்காக சம்பளம் இல்லாம வேலை பாக்கறவனுக்கு விஷம் வைக்கறது.

பிப்ரவரி 14, பகல் 12.30

வைக்கறாங்களாம், ஜெனரேட்டர் ரூம் பக்கம். எடுக்கச் சொல்லி சார் பேசறாராம். பெருச்சாளிக்கு என்ன பண்றதுன்னு செகரெட்டரி கேட்டது நியாயமான கேள்வி. குப்பைத் தொட்டிக்கு மூடி, டிரைனேஜ் சேம்பர் மூடி உடைஞ்சிருந்தா மாத்தறது, மழைநீர் குழாய் வாய்ல கம்பி வலை. இவ்வளவு பண்ணியும் மிச்சம் இருந்தா ராத்திரி மட்டும் பில்டிங் உள்ள எலிப்பொறி, விடியறதுக்குள்ள எடுத்துடணும், கீரி பகல்ல வர்றதால அதுல மாட்டாது.

பிப்ரவரி 16, இரவு 7.55

எலி கேக்கை எடுத்தாச்சு, மாமியும் பாலை நிறுத்திட்டு வேற இடத்துல காக்காவுக்கு சோறு வைக்கறாங்களாம், ரொம்ப நல்லது. மனைக்காரர் ஏப்ரல்ல புதரை வெட்டி வீடு கட்ட ஆரம்பிக்கப் போறார்னு சார் எழுதியிருக்காரு. இது எனக்கு வருத்தம்தான், ஆனா அவர் இடம், அவர் கட்டத்தான் செய்வார், தடுக்க முடியாது. கேட்டா கேக்கற மனுஷன்னு சொல்றீங்களே, அப்ப அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஜேசிபி வர்ற அன்னிக்கு தெரு பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு கால்வாய் பக்கமா மெதுவா தள்ளிட்டுப் போகட்டும், ஒரே நாள்ல முடிக்காம ரெண்டு நாளா பிரிச்சு பண்ணட்டும். முதல் நாள் சத்தத்துலயே உள்ள இருக்கறதெல்லாம் கால்வாய் கரைப் புதருக்குப் போயிடும். கால்வாய் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா எல்லாம் ரோட்டுக்குத்தான் ஓடி வரும், ஆபீஸ் போற டைம்ல அந்த ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த ரெண்டு நாளும் வாட்ச்மேன் அண்ணன் கேட் பக்கம் நாயை விடாம பாத்துக்கட்டும்.